பருந்துக்கு விருந்து

அத்தியாயம் 8

கறி போட்டுக் காற்றாலையை நிறுத்துகிறார்கள் என்று கேட்டதும் கொழுந்தன் சிரித்துவிட்டான். வாடிக்கையாளர் முன்னால் சிரிக்கக் கூடாது என்பது அவர்கள் துப்பறியும் அலுவலகத்தின் ஒரே சட்டம். அவன் அதை மீறாத வழக்கு இதுவரை வந்ததில்லை.

அலுவலகம் என்றால் இரண்டே பேர்தான். துப்பறிவது அண்ணி. பக்கத்தில் நின்று வாயடிப்பது அவளுடைய கொழுந்தன். தம்பிக்கு எந்த வேலையும் நிலைக்காததால் அண்ணன்தான் கெஞ்சிக் கூத்தாடி அவனைத் தன் மனைவியிடம் சேர்த்துவிட்டிருந்தான். அண்ணி அதற்கு வருத்தப்படாத நாள் கிடையாது. ஆனாலும் அவன் இல்லாமல் எங்கும் கிளம்ப மாட்டாள்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார் காற்றாலைக் கம்பெனி மேலாளர்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். எங்க வீட்ல ஃபேனை நிறுத்தணும்னா சுவிட்சைத் தட்டுவோம். கறியெல்லாம் செலவு பண்றதில்ல."

அண்ணி அவன் காலை மிதித்தாள். மேலாளர் பொறுமையாக விளக்கினார். காற்றாலைகளின் இறக்கையில் அடிபட்டு நிறையப் பருந்துகள் செத்துப் போனதால் அரசாங்கம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. பருந்து பக்கத்தில் வந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். பருந்து போன பிறகும் ஒரு மணி நேரம் காத்திருந்துதான் ஓட்ட வேண்டும். இதற்காகவே மேட்டின் மேல் ஒரு குடிசை போட்டு, கையில் தொலைநோக்கியும் பக்கத்தில் ஒரு பொத்தானுமாக ஒரு காவலரை உட்கார வைத்திருந்தார்கள்.

"இப்ப கொஞ்ச நாளா யாரோ ஏழாம் நம்பர் மெஷினுக்குக் கீழ கறியை இறைச்சு வெக்கறான். பருந்துங்க கூட்டமா வருது. காவலர் பொத்தானை அமுக்கறாரு. மெஷின் நிக்குது. மத்த மெஷின் எல்லாம் ஓடுது, ஏழு மட்டும் படுத்துக்குது."

"யார் மேல சந்தேகம்?" என்றாள் அண்ணி.

"சந்தேகம் என்னங்க சந்தேகம்? கறிக்கடைக்காரன்தான். அவன் தங்கச்சி ஒரு தையல்காரி. ஏழாம் நம்பர் பக்கத்துலதான் அவ வீடு. ரெண்டு வருஷமா சத்தம் சத்தம்னு ஒரே பாட்டு. நாளைக்குக் காலையில அதுக்குத்தான் விசாரணைக் கூட்டம், மெஷினை ஊரை விட்டுத் தள்ளி வெக்கணுமாம். நீங்க இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆதாரம் குடுத்துடுங்க. அவனை போலீஸ்ல ஒப்படைச்சிட்டு நான் கூட்டத்துக்குப் போறேன். அப்புறம் நகர்த்தற பேச்சையே எவனும் எடுக்க மாட்டான்."

"நிஜமாவே சத்தம் இல்லையா சார்?"

"உங்களுக்கு ஏதாவது கேக்குதா?"

கேட்கவில்லைதான். மேலாளரின் அறை முழுக்கத் தடித்த கண்ணாடி. வெளியே காற்றாலைகள் வரிசையாக ஊமைப்படம் காட்டிக்கொண்டிருந்தன. சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. சத்தம் இல்லாத இடமெல்லாம் அதில் பச்சை. ஊரும் பச்சை, ஏழாம் நம்பருக்கு அந்தப் பக்கம் இருந்த கம்பெனி குடியிருப்பும் பச்சை.

"என் மாமனார் அளந்து போட்டது. பெரிய ஒலி நிபுணர். ரிட்டயர் ஆனப்புறம் எங்ககூடதான் இருக்காரு. அந்தப் பச்சையைப் பாத்துதான் குடியிருப்பையே அங்க கட்டினோம்."

"மாமனார் அளந்தா மாப்பிள்ளைக்குக் குறை வைப்பாரா?" என்றான் கொழுந்தன். இந்த முறை மிதி கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

*

ஏழாம் நம்பரின் அடியில் நின்றபோது சத்தம் தலைக்கு மேல் எங்கோ போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு இறக்கையும் கீழே இறங்கும்போது வூம் என்று ஒரு முனகல். மேற்கே ஊர், கிழக்கே குடியிருப்பு, நடுவில் இது. அன்று காற்று ஊர்ப் பக்கமிருந்து குடியிருப்புப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அண்ணியின் குடை அந்தத் திசைக்குப் பறக்கப் பார்த்தது.

சரளைக் கல்லுக்கு நடுவில் கொழுந்தன் குனிந்து எதையோ எடுத்தான்.

"அண்ணி, துப்பு கிடைச்சிருச்சு. கொஞ்சம் நாத்தம் அடிக்குது."

நேற்றைய விருந்தில் பருந்துகள் மிச்சம் வைத்துவிட்டுப் போன கறித்துண்டுகள். எல்லாம் ஒரே அளவு. எலும்பில்லை, கொழுப்பில்லை, கழுவிச் சுத்தமாக இருந்தன.

"கறிக்கடைக்காரர் எவ்வளவு பாசத்தோட வெட்டியிருக்கார் பாருங்க" என்றான்.

"தம்பி, அவர் கடையில குடலு, தோலுன்னு கழிவு கூடை கூடையா மிஞ்சும். பருந்துக்கு அது போதும், அதுதான் பிடிக்கவும் பிடிக்கும். விக்கிற நல்ல கறியை எடுத்து யாராவது வானத்துல எறிவாங்களா?"

"அப்போ அவர் குத்தவாளி இல்லையா?"

"முட்டாளா இல்லாத பட்சத்துல, இல்ல. இது கறி விக்கிறவன் போட்டது இல்ல. வாங்கினவன் போட்டது."

ஊரில் கறி வாங்காத வீடே இல்லையே என்று கொழுந்தன் முணுமுணுத்தான். துப்பு கிடைத்த சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட அவனிடம் தங்கவில்லை.

தையல்காரி வீட்டில் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். கறிக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து, போலீஸ் வண்டியை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். காலை வெயிலில் இறக்கைகளின் நிழல் ஜன்னல் வழியாக வந்து அவள் கை மேல் விழுவதும் போவதுமாக இருந்தது. ஊசி தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. பார்த்த கொழுந்தனுக்கே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

"நிழலு காலையில மட்டும்தான் அக்கா, சமாளிச்சிக்கலாம்" என்றாள். "சத்தம்தான் ஆளைக் கொல்லுது. காத்து எந்தப் பக்கம் போகுதோ, சத்தமும் அந்தப் பக்கம்தான் போகும். இன்னிக்குப் பரவாயில்ல, அந்தப் பக்கம் போகுது. எங்க பக்கம் திரும்புச்சுன்னா பல்லு கூடக் கூசும்."

"நிபுணர் வந்து அளந்தாராமே?"

"வந்தாரு. அவர் வந்த அன்னிக்கும் காத்து அந்தப் பக்கம். என் வீட்டு நடுவுல ஒரு கருவியை நட்டு வெச்சு, என்னை ஏற இறங்கப் பாத்து, 'எந்தச் சத்தம்மா?'ன்னு கேட்டாரு. காத்து திரும்பினதும் வாங்க சார்னு சொன்னேன். வரவே இல்ல." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கிட்டேன் அக்கா. அந்த 'எந்தச் சத்தம்மா'தான் இன்னும் காதுல நிக்குது."

கறிக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "போன வாரம் ஒரு பருந்து இறக்கையில அடிபட்டு இந்த வாசல்லயே விழுந்துச்சுங்க. இவதான் புதைச்சா. அதையும் நான்தான் கொன்னேன்னு சொல்றாங்க. நான் உள்ள போறதைப் பத்திக் கவலையில்ல. என்னைக் காட்டி நாளைக்கு இவ வாயை அடைச்சிடுவாங்களே, அதான்."

கொழுந்தன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

*

மேட்டுக் குடிசையில் இருந்த பருந்துக் காவலர் வந்தவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணாந்தபடியே பேசினார்.

"கறி போடறது யாருன்னு பாத்தீங்களா?" என்று அண்ணி கேட்டாள்.

"என்னை வானத்துக்குத்தான் போட்டிருக்காங்க. தரைக்குன்னு ஆள் போட்டா அவர் பாப்பாரு."

"கழுத்து வலிக்காதா?" என்றான் கொழுந்தன்.

"வலிக்கும். மெஷின் நின்னா அந்த ஒரு மணி நேரம் கொஞ்சம் கீழ பாத்துப்பேன்."

கொழுந்தன் அண்ணியை ஓரமாக இழுத்தான். மெஷின் நின்றால் லாபம் இவருக்குத்தான், கழுத்து வலிக்குக் கறி வைத்தியம் பண்ணுகிறார் என்று கிசுகிசுத்தான். அண்ணி கையை உதறிக்கொண்டு மறுபடியும் காவலரிடம் போனாள்.

"பருந்துங்க எந்த மாதிரி நாள்ல வருது?"

"அதுங்களுக்கு என் மேல ரொம்பக் கருணைம்மா. மத்தியானத்துல மூஞ்சியில வெயில் அடிக்கிற நாள்ல வர்றதே இல்ல. வெயில் என் முதுகுல அடிக்கிற நாளாப் பாத்துத்தான் வருதுங்க." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. "ஆனாலும் போன வாரம் ஒண்ணு போயிடுச்சு. நான் அமுக்கினேன். மெஷின் அடங்கறதுக்குள்ள அது குறுக்க வந்துடுச்சு."

அண்ணி அவருடைய நாற்காலியைப் பார்த்தாள். "வெயில்தான் கண்ணைக் கூசுதே, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கலாமில்ல?"

"எப்படிப் போடறது? காத்துக்கு முதுகு காட்டித்தான் உக்காரணும். இல்லாட்டி கண்ணெல்லாம் புழுதி."

அண்ணி குடையை மடக்கினாள். அவள் முகத்தில், சோற்றில் கல்லைக் கண்டுபிடித்த ஆளின் திருப்தி தெரிந்தது. கொழுந்தன் என்னவென்று கேட்டான். மேலாளர் வீட்டில் போய் ஒரு டீ குடிக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

*

கம்பெனி குடியிருப்பில் மேலாளரின் மனைவி நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். தினமும் தலைவலியாம். கூடத்தில் நிபுணர் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு.

"காதுக்கு என்னங்க ஆச்சு?" என்று கொழுந்தன் உரக்கக் கேட்டான்.

"குளிர்காத்து ஆகாது" என்றார் நிபுணர். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

அதே வூம் இங்கே வேறு மாதிரி இருந்தது. அடியில் நின்றபோது தலைக்கு மேல் போனது, இங்கே நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று மெல்லப் பேசிக்கொண்டிருந்தன.

"தலைவலி இந்தச் சத்தத்தாலயா?" என்று அண்ணி சமையலறையில் மெதுவாகக் கேட்டாள்.

அந்தப் பெண் கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சத்தமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள். டீ வடிகட்டத் திரும்பிக்கொண்டாள். பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ அவளாகவே ஒரு புகார் சொன்னாள். "இங்க பூனைத் தொல்லைதான் ஜாஸ்தி. வீட்டுக்காரருக்காகக் கறி வாங்கி, வெட்டிக் கழுவி டப்பாவுல போட்டு வெக்கறேன். பாதி காணாமப் போகுது."

"டப்பா எங்க இருக்கும்?"

"ஃபிரிட்ஜ்ல."

கொழுந்தன் டீயை மறந்தான். "பூனை கதவைத் திறந்து போட்டுட்டா போகுது?"

"இல்லையே, மூடிட்டுத்தான் போகுது. அப்பாதான் சொன்னாரு, பூனையாத்தான் இருக்கும்னு."

"நல்ல வளர்ப்புங்க. எங்க அண்ணன்கூட ஃபிரிட்ஜை மூட மாட்டார்."

அண்ணி சிரிக்கவில்லை. "பூனையைப் பிடிக்க ஒரு வழி சொல்றேன். இன்னிக்கு ஒரு நாள் ஃபிரிட்ஜைப் பூட்டி சாவியை எங்கிட்ட குடுங்க" என்றாள். மேலாளரையும் கறிக்கடை அண்ணன் தங்கையையும் சாப்பாட்டுக்குப் பிறகு இங்கே கூட்டிவரும்படி கொழுந்தனிடம் சொன்னாள்.

"அண்ணி, பூனை யாருன்னு எனக்கே தெரிஞ்சிருச்சு" என்றான் அவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "ஆனா சத்தமே இல்லைன்னு சொன்ன ஆளு ஏன் மெஷினை நிறுத்தணும்?"

"அதை நான் கேட்டா சொல்ல மாட்டாரு. வேற ஆளை வெச்சுக் கேக்கணும்."

*

மத்தியானம் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கறிக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். நிபுணர் இரண்டு தடவை எழுந்து தண்ணீர் குடிக்க சமையலறைக்குப் போய், பூட்டிய ஃபிரிட்ஜைப் பார்த்துவிட்டுத் தாகம் தீராமலே திரும்பி வந்தார்.

"ஆதாரம் எங்கங்க?" என்றார் மேலாளர்.

"வந்துக்கிட்டே இருக்கு. கொஞ்சம் சும்மா உக்காந்திருப்போம்."

சும்மா உட்கார்ந்திருந்தார்கள். காற்று ஏறியது. வூம். ஜன்னல் கதவு நடுங்கியது. வூம். தம்ளர்கள் பேசின. காலையில் போய் ராத்திரி திரும்பும் மேலாளர் தன் வீட்டை மத்தியானத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை போலும். இது என்ன சத்தம் என்று கேட்க வாய் திறந்தவர், கேள்வி தன்னையே மாட்டிவிடும் என்று புரிந்து மூடிக்கொண்டார்.

"என்ன அண்ணி, விசாரணையை ஆரம்பிக்கலையா?" என்றான் கொழுந்தன்.

"நான் கேக்க வேண்டியதையெல்லாம் அதுவே கேட்டுக்கிட்டிருக்கு தம்பி."

நிபுணர் பஞ்சை இன்னும் ஆழமாக அழுத்தினார். காலை ஆட்டினார். நாளிதழைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். வானத்தை எட்டிப் பார்த்தார். ஒரு பருந்துகூட இல்லை. வூம், வூம், வூம் என்று அது ஓயாமல் இடித்தது. திடீரென்று நாளிதழைக் கசக்கி எறிந்து எழுந்தார்.

"யாராவது அந்தச் சத்தத்தை நிறுத்தித் தொலைங்களேன்!"

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எந்தச் சத்தம் சார்?" என்றாள்.

நிபுணர் உட்கார்ந்துவிட்டார். மேலாளர் "மாமா?" என்றார். அண்ணிதான் பேசினாள்.

"காவலருக்கு முதுகுல வெயில் அடிக்கிற மத்தியானத்துலதான் பருந்து வருது. காத்துக்கு முதுகு காட்டித்தான் அவர் உக்காருவாரு. மத்தியான வெயில் மேற்குலருந்து வரும். அப்ப காத்தும் மேற்குலருந்து, அதாவது ஊர்லருந்து இந்தக் குடியிருப்புக்கு வீசுற நாள்னு அர்த்தம். சத்தம் ஊருக்குப் போற நாள்ல மெஷினுக்கு ஒரு நோயும் வரலை. சத்தம் இங்க வர்ற நாள்ல மட்டும்தான் படுத்துக்குது. தங்கச்சிக்காகக் கறி போடற அண்ணன், தங்கச்சி நிம்மதியா இருக்கற நாளாப் பாத்தா போடுவாரு?"

"ஃபிரிட்ஜ் பூனையும் மத்தியானம் தூங்கணும்னு நினைக்கிற பூனைதான்" என்று கொழுந்தன் சேர்த்துக்கொண்டான்.

"ஊரை அளந்த அன்னிக்குக் காத்து இந்தப் பக்கம். இங்க அளந்த அன்னிக்குக் காத்து ஊர்ப் பக்கம். சரிதானே சார்?" என்றாள் அண்ணி நிபுணரிடம். "ஒவ்வொரு இடத்துக்கும் நல்ல நாள் பாத்து அளந்திருக்கீங்க. ரெண்டுமே பச்சை. அந்தப் பச்சையிலயே வீடு கட்டி உங்களையும் குடி வெச்சுட்டாங்க. புகார் குடுக்கவும் வழியில்ல. சத்தம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டதே நீங்கதான்."

"சொன்னா, நான் வாழ்நாள் பூரா அளந்ததையெல்லாம் சந்தேகப்படுவாங்க" என்றார் நிபுணர். "கொஞ்ச நேரம் தூங்கினா போதும்னுதான்... அந்தப் பருந்து சாகும்னு நான் நினைக்கவே இல்ல."

மேலாளர் சுதாரித்துக்கொண்டார். பெரிய வேலைக்கு வந்தவர்களுக்கே உள்ள சாமர்த்தியம் அது. "சரி, இது குடும்ப விஷயம். கறிக்கடைக்காரர் மேல ஒண்ணும் இல்ல, அவர் போகலாம். மாமா, நாளைக்கு நீங்க வீட்டுலயே இருங்க. அறிக்கை எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். என்னங்க, உங்க வேலையும் முடிஞ்சுது."

கறிக்கடைக்காரர் எழுந்தார். தங்கை எழவில்லை. அண்ணன் தப்பித்தான், மெஷின் மட்டும் அங்கேயே நிற்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அவளிடமும் இதற்கு மேல் சாவி இல்லை.

பேசியது மேலாளரின் மனைவி. கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, உங்களுக்கும் கேக்குதா?"

நிபுணர் மகளைப் பார்க்கவில்லை.

"இங்க குடிவந்த புதுசுல நான் உங்ககிட்ட வந்து சொன்னேனே, இந்தச் சத்தம் தாங்கலப்பான்னு. எந்தச் சத்தம்மான்னு கேட்டீங்க. உனக்கு மனசு சரியில்லன்னீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்க. மாத்திரை வாங்கிக் குடுத்தீங்க. நான் தினமும் முழுங்கிக்கிட்டிருக்கேன்பா." அவள் அழுதுவிட்டாள். "எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு நானே நம்பிட்டேன். நீங்க காதுல பஞ்சை வெச்சுக்கிட்டு என் எதிர்லயே உக்காந்திருந்தீங்க."

கொழுந்தனுக்கு எந்தச் சமயத்திலும் ஒரு நக்கல் கைவசம் இருக்கும். இப்போது தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. அந்தக் கிழவரை அடிக்கலாம் போல இருந்தது. பாவமாகவும் இருந்தது.

நிபுணர் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். பிறகு இன்னொரு காதிலிருந்தும் எடுத்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே இயந்திரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முகம் சுருங்க அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தையல்காரியிடம் திரும்பினார்.

"நாளைக்குக் கூட்டம் எத்தனை மணிக்கும்மா?"

"மாமா!" என்றார் மேலாளர்.

"பத்து மணிக்கு சார்" என்றாள் அவள் எழுந்துகொண்டே. வாசலில் நின்று காற்றைப் பார்த்தாள். குடியிருப்புக் கொடியில் காய்ந்த துணிகள் ஏற்கனவே திசை மாறத் தொடங்கியிருந்தன. "பொழுது சாஞ்சா காத்து எங்க பக்கம் திரும்பிடும். ராத்திரி நல்லாத் தூங்கிட்டு வாங்க."